பத்து ஊரும் பதினாலு நாளும்

(பட்டிமன்றத் தலைப்பு: வயதான தம்பதியர் வெளிநாடு போனால் ஊர் ஊராகச் சுற்றிப் பார்ப்பதா? சில ஊர்களில் தங்கிப் பார்ப்பதா? ‘தங்கிப் பார்ப்பதே’ என்ற அணியில் மூன்றாவதாகப் பேசியது.)

     

எதிரணித் தம்பி எவ்வளவு அழகாகப் பேசிவிட்டுப் போனார்! “காசு கொடுத்து விமானம் ஏறியாச்சு. போற வழியில் இருக்கிற ஊரையெல்லாம் பார்க்காமல் வருவது, கல்யாண வீட்டுக்குப் போய்ப் பாயசம் சாப்பிடாமல் வருகிற மாதிரி” என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். நானே தட்டினேன். ஆனால் தம்பி, ஒரு கல்யாணத்துப் பாயசம் சாப்பிடலாம். ஒரே நாளில் பத்துக் கல்யாணத்துப் பாயசத்தைச் சாப்பிட்டால் என்ன ஆகும்? அதுவும் எங்க வீட்டுக்காரருக்குச் சர்க்கரை! (சிரிப்பு)

ஐயா, நான் ஏட்டுச் சுரைக்காய் பேச வரவில்லை. அனுபவத்தைச் சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு அறுபத்து நாலு வயது. பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். எங்க வீட்டுக்காரருக்கு எழுபது. கணக்குப் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவர். அவருக்கு ஒரு வெள்ளைத் தாள், ஸ்கேல், சிவப்புப் பேனா மூணும் கிடைத்துவிட்டால் போதும், சாப்பாடே வேண்டாம். கோடு போட்டுக்கொண்டே இருப்பார். எங்கள் கல்யாணப் பந்தலுக்கே கோடு போட்டவர் அவர்தான்.

ரெண்டு பேரும் ஒரு தடவையாவது வெளிநாடு போய் வருவோம் என்று முடிவு பண்ணினோம். பையன் “டிக்கெட் நான் எடுத்துத் தர்றேன், எங்கே போகணும் சொல்லுங்க” என்றான். அன்றைக்கு ராத்திரியே இவர் தாளை எடுத்துவிட்டார். காலையில் எழுந்து பார்க்கிறேன், பத்து ஊர், பதினாலு நாள். கோலாலம்பூர், கெந்திங் மலை, மலாக்கா, பினாங்கு, லங்காவி, புக்கெட், பாங்காக், பட்டாயா, சிங்கப்பூர், செந்தோசா. “ஏங்க, செந்தோசா சிங்கப்பூருக்குள்ளேதானே இருக்கு? அதை ஏன் தனியா எழுதியிருக்கீங்க?” என்று கேட்டேன். “ஒன்பதுன்னா நல்லா இல்லம்மா, பத்துன்னாத்தான் சொல்லிக்க நல்லா இருக்கு” என்கிறார்! (சிரிப்பு, கைதட்டல்)

அந்தத் தாளை நீங்கள் பார்க்கணும். காலை 5.30 எழுந்திருத்தல். பாத்ரூம், எட்டு நிமிடம். ஐயா, எழுபது வயதுக்காரருக்கு எட்டு நிமிடம்! எட்டு நிமிடத்தில் எந்தப் பக்கம் கதவு இருக்கிறது என்றுதான் கண்டுபிடிக்கலாம். (பலத்த சிரிப்பு)

நான் ஒண்ணும் பேசவில்லை. தமிழ் வாத்தியாரம்மாவுக்கும் கொஞ்சம் கணக்கு வரும். அதே தாளுக்குப் பின்பக்கம் எழுதினேன். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாறுவது என்றால் என்ன? முதல் நாள் ராத்திரி பெட்டி கட்டணும். காலையில் எழுந்து, சார்ஜரை எடுத்தாச்சா, பல்செட்டை எடுத்தாச்சா என்று பார்க்கணும். ஓட்டலில் பகல் பன்னிரண்டு மணிக்கெல்லாம் அறையைக் காலி பண்ணச் சொல்வான். அடுத்த ஊர் ஓட்டலில் ரெண்டு, மூணு மணிக்கு முன்னால் அறை தரமாட்டான். நடுவில் விமான நிலையம், வரிசை, சோதனை, மறுபடியும் வரிசை. ஒரு தடவை ஊர் மாறினால் அரை நாள் போச்சு. ஒன்பது தடவை மாறினால்? பதினாலில் நாலரை நாள் பெட்டியோடு குடித்தனம்! மீதி ஒன்பதரை நாளில் பாதி நேரம், முதல் நாள் அலைந்ததற்குக் கால் நீவி விடணும். அப்புறம் ஊர் எப்போது பார்ப்பது?

எங்கள் தெருவில் ஒரு தம்பதி. பத்தே நாளில் ஏழு ஐரோப்பிய நாடு பார்த்துவிட்டு வந்தார்கள். ஆசையாகப் போய்க் கேட்டேன். “பாரிஸ்ல என்ன பார்த்தீங்க?” அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாங்க, “பஸ்ல முன் சீட்டுக்காரர் தலையைப் பார்த்தேன். வழுக்கை.” (சிரிப்பு)

நடுவர் அவர்களே! இந்தச் சண்டை இன்றைக்கு நேற்று வந்ததில்லை. சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. கோவலனும் கண்ணகியும் புகாரை விட்டுப் புறப்படுகிறார்கள். அவர்கள் இளசுகள். கொஞ்ச தூரம்தான் நடந்திருப்பார்கள். கண்ணகி மூச்சு வாங்க, மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். கோவலன் என்ன சொல்கிறான்? முப்பது காதம்தான், பக்கம்தான் என்று சொல்லிச் சிரிக்கிறான். பார்த்தீர்களா? புருஷன்மார் தூரம் சொல்கிற லட்சணம் அன்றைக்கே அப்படித்தான்! (கைதட்டல்) “பக்கம்தாம்மா, இதோ வந்துடும்” என்று சொல்லியே நம்மை நடக்க வைத்துவிடுவார்கள். அப்புறம் கவுந்தியடிகள் வந்து சேர்கிறார். வயதில் மூத்த துறவி. அவர் சேர்ந்த பிறகு இளங்கோவடிகள் என்ன எழுதுகிறார் தெரியுமா? அவர்கள் ஒரு நாளைக்கு ஒரு காதத்துக்கு மேல் நடக்கவில்லையாம். பல நாள் தங்கி, ஒரு நாள் நடந்து, அப்படித்தான் போனார்களாம். எங்கள் அணிக்கு இளங்கோவடிகளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார் ஐயா!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கணக்கைக் காட்டியதும் எங்க வீட்டுக்காரர் முகம் வாடிப்போச்சு. ராத்திரி பூராவும் கண் விழித்துப் போட்ட கோடு இல்லையா? எனக்கே பாவமாக இருந்தது. “ஏங்க, பத்து ஊரும் இருக்கட்டும். இதில் நீங்க நிஜமாவே பார்க்கணும்னு நினைக்கிற ஊர் எது?” என்று கேட்டேன்.

பதில் இல்லை. பேனாவைத் திறந்து மூடினார். மறுபடியும் திறந்தார். அப்புறம் சொன்னார், “நான் பார்க்கணும்னு நினைக்கிற ஊரு இந்தத் தாள்லேயே இல்லம்மா.”

நாற்பது வருஷக் குடித்தனத்தில் அந்தக் கதையைத் துண்டு துண்டாகத்தான் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் முழுசாகச் சொன்னார். அவருடைய தாத்தா, அப்பாவைப் பெற்றவர், திருவாரூர் பக்கத்துக்காரர். 1937-இல் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலாயாவுக்குப் போனார். பினாங்கில் இறங்கி, கெடா மாநிலத்தில் சுங்கை பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். ரெண்டு வயதுப் பிள்ளையை ஊரில் விட்டுவிட்டுப் போனவர். 1941 வரைக்கும் கடுதாசியும் பணமும் வந்திருக்கிறது. அந்த டிசம்பரில் ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வந்துவிட்டான். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. கடுதாசி நின்றுபோச்சு. சண்டை முடிந்து பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் திரும்பி வந்து, “சயாமுக்கு ரயில் ரோடு போடப் பிடிச்சுக்கிட்டுப் போனாங்க, அதுக்கு மேல எனக்குத் தெரியாது” என்று சொல்லியிருக்கிறார்.

அவ்வளவுதான். எங்க வீட்டுக்காரரின் அப்பாயி அதை நம்பவே இல்லை. 1984-இல் அந்த அம்மா கண்ணை மூடுகிற வரைக்கும் நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார். பிள்ளை வளர்ந்து பெரியவனாகி, அப்பாவுக்கு ஒரு திதி கொடுக்கட்டுமா என்று கேட்டானாம். “உசிரோட இருக்கிற மனுஷனுக்கு எள்ளு எறைக்கிறியாடா?” என்று ஒரே கேள்வி. அதோடு சரி. அப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எங்க வீட்டுக்காரரை வளர்த்ததே அந்த அப்பாயிதான்.

“இதை ஏங்க தாள்ல எழுதல?” என்று கேட்டேன். “சந்தோஷமா ஊர் பார்க்கப் போறப்போ எழவு வீட்டைப் பார்க்க உன்னைக் கூட்டிட்டுப் போகச் சொல்றியா?” என்றார்.

ஐயா, நான் எதிரணியைக் கேட்கிறேன். பத்து ஊர் எழுதின தாளில் அவர் மனசில் இருந்த ஊருக்கு ஒரு வரி இல்லை. அது யாருடைய பட்டியல்? பக்கத்து வீட்டுக்காரர் போன ஊர், பையனின் நண்பர்கள் போட்டோ போட்ட ஊர், ஏஜெண்டு கொடுத்த நோட்டீசில் இருந்த ஊர்! (கைதட்டல்)

உடனே தாளைத் திருப்பினோம். ரெண்டு பேரும் தனித்தனியாக உட்கார்ந்து, ஆளுக்கு மூணு ஆசை எழுதணும், மற்றவர் பார்க்கக்கூடாது என்று ஒப்பந்தம். அவர் பினாங்கு, சுங்கை பட்டாணி, காஞ்சனபுரி என்று எழுதினார். நான் எழுதினது, சிங்கப்பூரில் ஆர்க்கிட் தோட்டம் பார்க்கணும், ரயிலில் ஜன்னல் ஓரம் உட்காரணும், மூணாவது, வெளியூரில் இருக்கிற நாள் பூராவும் எனக்கு யாராவது காபி போட்டுத் தரணும். (சிரிப்பு) தாய்மார்கள் எல்லாம் தட்டுறாங்க பாருங்க!

பத்து ஊர் அஞ்சு ஆச்சு. பதினாலு நாள் பதினாறு ராத்திரி ஆச்சு. கோலாலம்பூர் மூணு ராத்திரி, பினாங்கு நாலு, பாங்காக் ரெண்டு, காஞ்சனபுரி மூணு, திரும்பி வரும்போது பாங்காக்கில் ஒண்ணு, சிங்கப்பூர் மூணு. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு ஏறி, சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்குத் திரும்புகிற மாதிரி டிக்கெட். போன ஊருக்கே திரும்பி வந்து விமானம் பிடிக்கிற வேலை இல்லை. இது பெரிய மிச்சம். முதலில் இந்த யோசனையைக் கேட்டுவிட்டு, அப்புறம் டிக்கெட் எடுங்கள்.

எப்போது போவது என்பதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. இவர் முதலில் 2025 ஜனவரிக் கடைசி என்றார். பார்த்தால் ஜனவரி 29 சீனப் புத்தாண்டு. அந்த ஊர் ஜனம் முழுவதும் சொந்த ஊருக்குக் கிளம்பும். நம்ம தீபாவளிக் கூட்டம் மாதிரி ரயிலில் இடம் கிடைக்காது. சரி, பிப்ரவரி 11 தைப்பூசத்துக்குப் பினாங்கில் இருப்போமா என்றால், தண்ணீர்மலைக் கூட்டத்தில் என் முழங்கால் என்னோடு வருமா என்று சந்தேகம். அதனால் 14-ஆம் தேதி கிளம்பினோம். பேரன், “தாத்தா, காதலர் தினத்தன்னிக்கா?” என்று கேட்டான். இவர், “அன்னிக்குத்தான்டா டிக்கெட் விலை கம்மி” என்கிறார்! (பலத்த சிரிப்பு)

விசா, பாஸ்போர்ட் கதையெல்லாம் நீட்ட மாட்டேன். பாஸ்போர்ட்டில் ஆறு மாசமாவது பாக்கி இருக்கணும். நாங்கள் போனபோது மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் நமக்கு விசா விலக்கு இருந்தது. சிங்கப்பூருக்கு விசா எடுத்தோம். இந்த விதி மாறிக்கொண்டே இருக்கும், போன வருஷம் போய் வந்தவர் சொன்னதை நம்பக்கூடாது, கிளம்புகிற மாசம் தூதரகத்தின் பக்கத்தையே பார்த்துக்கொள்ளணும். சிங்கப்பூர், மலேசியா ரெண்டுக்கும் இறங்குவதற்கு முந்தின மூணு நாளுக்குள் வருகை அட்டையைக் கணினியில் நிரப்பணும். 2025 மே முதல் தாய்லாந்துக்கும் அது வந்துவிட்டது. அது இலவசம்தான். காசு கேட்கிற பக்கம் எதுவாக இருந்தாலும் அது அரசாங்கப் பக்கம் இல்லை, மூடிவிடுங்கள்.

மருந்து விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் அடிபட்டிருக்கிறேன். மாத்திரை எல்லாம் கைப்பையில் இருக்கணும், பெரிய பெட்டியில் போடக்கூடாது. பெட்டி வேறு ஊருக்குப் போனாலும் சர்க்கரை நம்மோடுதான் வரும்! டாக்டர் சீட்டில் மருந்தின் வேதிப்பெயர் இருக்கணும், கடைப்பெயர் அந்த ஊரில் தெரியாது. சிங்கப்பூருக்குச் சில தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து இதெல்லாம் கொண்டு போக முன்அனுமதி வாங்கணும். கசகசா கொண்டு போகவே கூடாது. அதனால் வீட்டில் அரைத்த மசாலாப் பொடியைப் பெட்டியில் திணிக்கிற அம்மாமார்கள் யோசித்துத் திணியுங்கள். இன்சூரன்ஸ் எடுக்கும்போது சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் ஒளிக்காமல் எழுதணும். இவர் ‘உடல்நலம்: பரமசுகம்’ என்று எழுதப் போனார். நான்தான் பேனாவைப் பிடுங்கினேன்.

அடிபட்டது எங்கே தெரியுமா? மலேசியா நம்மைவிட ரெண்டரை மணி நேரம் முன்னால். தாய்லாந்து ஒன்றரை மணி நேரம் முன்னால். கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ரயிலில் நாலு மணி நேரம், அங்கிருந்து படகில் பினாங்கு. நான் ஜன்னல் ஓரம் ராணி மாதிரி வந்தேன். என் ரெண்டாவது ஆசை நிறைவேறிவிட்டது. மறுநாள் காலையில் இவர் அந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்த்து எட்டு மணிக்கு மாத்திரை போட்டுவிட்டார். வயிறு நம்ம ஊர்க் கடிகாரப்படி அஞ்சரை மணி என்று சொல்கிறது, பசிக்கவில்லை. “அப்புறம் சாப்பிடறேம்மா” என்று நடக்கக் கிளம்பினார். குவீன் தெரு மகாமாரியம்மன் கோயில் வாசலில், 1833-இல் கட்டின கோயில், பழமையைப் பார்த்துக்கொண்டே நின்றவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். வேர்த்துக் கொட்டுகிறது. கை நடுங்குகிறது. நல்ல வேளை, பூக்கடைக்காரம்மா ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொடுத்தாங்க. கால் மணியில் தெளிந்தார். ஆனால் அன்றைக்கு முழுவதும் அறையில் படுக்கைதான்.

இப்போது சொல்லுங்கள். பழைய தாள்படி அன்றைக்கு மத்தியானம் நாங்கள் லங்காவிக்கு விமானம் ஏறியிருக்கணும். விட்டால் டிக்கெட் காசு போச்சு. தனித்தனி டிக்கெட்டாக எடுத்திருந்தால், ஒரு விமானத்தை விட்டதற்காக அடுத்த விமானக்காரன் காத்திருக்க மாட்டான். அடுத்த ஓட்டல் காசும் போச்சு. இவர் சுபாவம் எனக்குத் தெரியும், காசு போகுதே என்று மயக்கத்தோடேயே எழுந்து ஓடியிருப்பார். புதுத் தாளில் நான் சண்டை போட்டு ஒவ்வோர் ஊருக்கும் ஒரு வெறும் கட்டம் வைக்கச் சொல்லியிருந்தேன். அதில் ஒண்ணும் எழுதக்கூடாது. கணக்குக்காரருக்கு வெறும் கட்டத்தைப் பார்த்தால் கை அரிக்கும். பென்சிலால் லேசாக ‘மீன் காட்சி?’ என்று எழுதினார், நான் ரப்பரால் அழித்தேன். அந்த வெறும் கட்டத்தில்தான் அன்றைக்கு அவர் படுத்திருந்தார்.

எதிரணியில் பேசிய அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. “இந்த வயசில் இன்னொரு தடவை போக முடியுமா? முடியாதில்ல? அப்போ இப்பவே எல்லாத்தையும் பார்த்துடணும்” என்றாங்க. ஐயா, அந்த வார்த்தையில் உண்மை இருக்கிறது. நான் மறுக்கமாட்டேன். கோயில் படியில் அவர் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தபோது எனக்கும் அதே நினைப்புத்தான் வந்தது, இன்னொரு தடவை உண்டா என்று. அதனால்தான் சொல்கிறேன், அந்த ஒரு தடவையில் எதைப் பார்ப்பது?

சுங்கை பட்டாணிக்கு ஒரு நாள் வாடகைக் கார் எடுத்தோம். ரப்பர் மரம் அங்கே அதிகம் இல்லை, செம்பனையும் புது வீடுகளும்தான். கடுதாசியில் இருந்த தோட்டப் பெயரைச் சொல்லி விசாரித்து ஒரு சின்ன மாரியம்மன் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு பெரியவர், எண்பது தாண்டியவர். விஷயத்தைச் சொன்னதும், “சயாமுக்குப் போனவங்களா? எங்க வீட்டுலயும் ரெண்டு பேர் போனாங்க. ஒருத்தர் வந்தாரு. பேரெல்லாம் யாரும் எழுதி வெக்கலியே அண்ணே” என்றார். எங்களை விடவில்லை. வீட்டுக்குக் கூட்டிப் போய்ச் சோறு போட்டார். கெந்திங் மலையில் யார் ஐயா எங்களுக்குச் சோறு போடுவார்? (கைதட்டல்)

அப்புறம் பினாங்கிலிருந்து பாங்காக்குக்கு விமானம். ஒரு நாள் ஓய்வு. தோன்புரி ரயில் நிலையத்தில் காஞ்சனபுரி வண்டி ஏறினோம். மூணாம் வகுப்பு, மரப்பலகை, மின்விசிறி, வெளிநாட்டுக்காரருக்கு 100 பாட். நம்ம பழைய பாசஞ்சர் வண்டியேதான்! அந்தப் பாதையைத்தான் மரண ரயில் பாதை என்கிறார்கள். சயாமையும் பர்மாவையும் சேர்க்க 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டான் ஜப்பான்காரன். காடு, மலை, மழை, காலரா. போர்க்கைதிகள் அறுபதாயிரம் பேருக்கு மேல் வேலை செய்து, பன்னிரண்டாயிரத்துக்கு மேல் இறந்தார்கள். மலாயாத் தோட்டத்துத் தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் என்று கூட்டிக்கொண்டு போன ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர் சுமார் 90,000 என்று மதிப்பிடுகிறார்கள். மதிப்பீடுதான். எண்ணி வைத்தவர் யாரும் இல்லை.

குவாய் ஆற்றுப் பாலம் என்று 1957-இல் ஒரு இங்கிலீஷ் படம் வந்ததே, இவர் அதை நாலு தடவை பார்த்தவர். அந்தப் படத்தை எடுத்தது இலங்கையில், கித்துல்கலையில். நிஜப் பாலம் முன்னால் நின்றுகொண்டு, “படத்துல இதைவிட நல்லா இருந்துச்சே” என்கிறார். அந்த இடத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. (சிரிப்பு)

ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே போர்க் கல்லறைத் தோட்டம். ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான கல்லறைகள். புல்லை வெட்டி, பூச்செடி வைத்து, அவ்வளவு அழகு. ஒவ்வொரு கல்லிலும் பேர், படைப்பிரிவு, வயது. இருபத்திரண்டு, இருபத்து நாலு, இருபத்தாறு. எங்க வீட்டுக்காரர் வரிசை வரிசையாக வாசித்துக்கொண்டே போனார். கணக்குக்காரர் அல்லவா, ஒரு வரியும் விடமாட்டார். ரெண்டு மணி நேரம். வெள்ளைக்காரர், டச்சுக்காரர் பேர்தான். “இவங்களும் யாரோ பெத்த பிள்ளைங்கதானேம்மா” என்று மட்டும் சொன்னார். ஊருக்குள் தவோர்ன் வராராம் என்று ஒரு புத்தர் கோயில். அங்கே தமிழர்களுக்காக ஒரு நடுகல் வைத்திருக்கிறார்கள். அதில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

மூணாம் நாள் காலை வெறும் கட்டம். அன்றைக்கு ஒண்ணும் எழுதவில்லை. காபி வந்தது, நான் போடாத காபி. குடித்துக்கொண்டே கேட்டார், “ஏம்மா, இங்க கறுப்பு எள்ளு கிடைக்குமா?”

தாத்தா அங்கேதான் போனாரா? சத்தியமாக எங்களுக்குத் தெரியாது. தோட்டத்திலேயே காய்ச்சலில் போயிருக்கலாம். வழியில் எங்காவது விழுந்திருக்கலாம். எழுதி வைக்காத மனுஷனை எங்கே போய்த் தேடுவது? சந்தைக்குப் போனோம். பாஷை தெரியாமல் விரலால் காட்டி, ஒரு கைப்பிடி எள் வாங்கினோம். கடைக்காரி காசே வாங்கவில்லை, அவ்வளவு கொஞ்சம் என்று சிரித்தாள். குவாய் ஆறு ரெண்டு அந்த ஊரில்தான் கூடுகிறது, நம்ம பவானி கூடுதுறை மாதிரி. அங்கே இறங்கினார். மந்திரம் சொல்ல ஆள் இல்லை. இவருக்கும் தெரியாது. எள்ளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர், தண்ணீரில் விடாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். “அப்பாயி திட்டுமா?” என்றார். எழுபது வயது மனுஷர், ஏழு வயதுப் பிள்ளை மாதிரி.

நான், “நாளைக்குத் தாத்தா திரும்பி வந்தா, அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன், நீங்க விடுங்க” என்றேன்.

விட்டார். (நீண்ட கைதட்டல்)

சிங்கப்பூரை ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறேன், நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். தாவரவியல் பூங்காவுக்குள் ஆர்க்கிட் தோட்டம். பூங்காவுக்கு இலவசம், ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட். காலையில் போனவள் மத்தியானம் வரை அங்கேயே இருந்தேன். இவர் பெஞ்சில் உட்கார்ந்து தூங்கினார். எட்டு நிமிடக் கணக்கெல்லாம் யாருக்கும் ஞாபகமே இல்லை. செந்தோசாவுக்கு நாங்கள் போகவில்லை. யாராவது கேட்டால் போனோம் என்று சொல்லிக்கொள்ளலாமா என்று இவர் கேட்டார், நான் அனுமதி கொடுக்கவில்லை. (சிரிப்பு)

நடுவர் ஐயா, தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள். எதிரணி நண்பர்கள் பத்து ஊரும் பார்த்துவிட்டு வரட்டும், எனக்கு வருத்தமில்லை. போகும்போது என்னிடம் சொல்லுங்கள், எங்க வீட்டுக்காரரின் பழைய தாள் அலமாரியில்தான் இருக்கிறது, கொடுத்தனுப்புகிறேன். கோடு மட்டும் ரொம்ப அழகாகப் போட்டிருக்கிறார்.